‘முதல் பதிப்பு’ என்று போட்டிருந்தால் போதுமா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இணைய ஏலத்தில் 140 பவுண்டு கொடுத்து சில்வியா பிளாத்தின் ‘ஏரியல்’ கவிதைத் தொகுப்பை வாங்கினேன். விற்றவர் விவரத்தில் “முதல் பதிப்பு, ஃபேபர், 1965” என்று பளிச்சென்று போட்டிருந்தார். புத்தகம் வந்தது. மேலுறை இருந்தது, பழைய காகித வாசனை இருந்தது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் முதலில் வெளியான ஆண்டு, ரோமன் எண்ணில். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: மறு அச்சு.

விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். “முதல் பதிப்புதான். மறு அச்சு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?” என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் பயன்படுத்திய சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலப் பதிப்புலகத்தில் பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒருமுறை எழுத்துக் கோத்துவிட்டால், அதே கோப்பிலிருந்து எத்தனை தடவை அச்சடித்தாலும் எல்லாமே முதல் பதிப்புதான். இரண்டாவது அச்சு, ஐந்தாவது அச்சு எல்லாம் அதற்குள் அடக்கம். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது முதல் பதிப்பின் முதல் அச்சுக்கு மட்டும். மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், வெர்ஷன் 1.0 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது, எந்த பில்டு என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. 140 பவுண்டு டியூஷன் ஃபீஸ்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. நாவலை விடக் கவிதைப் புத்தகத்தில் இந்த விளையாட்டு சுவாரஸ்யம். காரணம் எளிது. கவிதைத் தொகுப்பை எந்தக் காலத்திலும் ஐந்நூறு, ஆயிரம் பிரதிகள்தான் அடித்தார்கள். பெரும்பாலும் சின்ன அச்சகம், கைக்காசு, அவசரம். பிழையும் குழப்பமும் அதிகம். அதனால் தடயமும் அதிகம்.

முதலில் எளிதான தடயங்கள். ஃபேபர் அண்ட் ஃபேபர் 1960களின் கடைசி வரை ஆண்டைச் சின்ன ரோமன் எழுத்தில்தான் போடும். 1965 என்றால் எம், சிஎம், எல்எக்ஸ், வி. மறு அச்சு வந்தால் அதற்குக் கீழே ஒரு வரி சேரும். அந்த வரி இல்லாவிட்டால் முதல் அச்சு. 1970களுக்குப் பிறகு வந்த புத்தகங்களில் பல பதிப்பகங்கள் 1 முதல் 10 வரை ஓர் எண் வரிசை போட்டன. ஒவ்வொரு அச்சுக்கும் மிகச் சிறிய எண்ணைத் தட்டிலிருந்து சுரண்டிவிடுவார்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட இருப்பதை அழிப்பது சுலபம் என்பதுதான் இதன் தத்துவம். மிஞ்சியிருப்பதில் மிகச் சிறிய எண் எதுவோ, அதுதான் அச்சு. இதிலும் ஒரு வில்லங்கம். அமெரிக்காவின் ராண்டம் ஹவுஸ் பல வருடங்கள் முதல் அச்சிலேயே 2இல்தான் வரிசையைத் தொடங்கியது. கூடவே ‘முதல் பதிப்பு’ என்ற வரி இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் அதே 2 இரண்டாம் அச்சைக் காட்டும். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் ஒரு வழக்கம். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மேலுறையையும் நம்பிவிடக் கூடாது. நவீன புத்தகத்தின் விலையில் பெரும்பகுதி மேலுறையில்தான் இருக்கிறது என்பதால், பிந்தைய அச்சின் மேலுறையைக் கழற்றி முதல் அச்சுக்குப் போட்டு விற்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 அன்று ஷில்லிங் போய்த் தசமப் பணம் வந்தது. 1965 புத்தகத்தின் மேலுறையில் புதிய பென்ஸில் விலை அச்சாகியிருந்தால் அது வேறு பிரதியின் சட்டை. அதேபோல் ஐ.எஸ்.பி.என். 1960களின் பிற்பாதி வரை கிடையாது. 13 இலக்க எண் 2007இல்தான் வந்தது.

அச்சுப்பிழைக்கு வருவோம். ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிலிப் லார்க்கினின் ‘தி லெஸ் டிசீவ்டு’ 1955இல் ஹல் நகரத்தை ஒட்டிய ஹெஸ்ஸல் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. மார்வெல் பிரஸ் என்று பெயர்தான் பெரிசு, நடத்தியவர்கள் ஓர் இளம் தம்பதி. முன்பணம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலோடு அச்சிட்டார்கள். அதன் 38ஆம் பக்கத்தில், ஒரு கவிதையின் முதல் வரியில் கடல் என்று இருக்க வேண்டிய இடத்தில் தரை என்று விழுந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தவறு இருக்கும் பிரதிக்குத்தான் மவுசு. அதிலும் முதலில் பைண்டிங் ஆன பிரதிகளுக்கு முதுகு தட்டையாக இருக்கும், பிறகு கட்டியவற்றுக்கு வளைந்திருக்கும். லார்க்கினின் முதல் தொகுப்பான ‘தி நார்த் ஷிப்’ கறுப்புத் துணி அட்டையில் 1945இல் வந்தது. 1965இல் அதே பதிப்பகம் கவிஞரின் அனுமதியில்லாமல் மெரூன் துணி அட்டையில் மறுபடி போட்டது.

இதைப் படித்துவிட்டு “பிழை இருந்தால் முதல் அச்சு” என்று யாராவது முடிவுக்கு வந்தால் எலியட் காலை வாரிவிடுவார். ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922 டிசம்பரில் நியூயார்க்கில் போனி அண்ட் லிவரைட் வெளியீடாக 1000 பிரதிகள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எண் முத்திரை உண்டு. 41ஆம் பக்கத்தில் மலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நடுவிலுள்ள ஓர் எழுத்து, அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்துவிட்டது. அதாவது இங்கே சரியாக இருப்பதுதான் முந்தியது, பிழையாக இருப்பது பிந்தியது! எண் முத்திரையின் உயரமும் கணக்கில் சேரும்: முந்திய பிரதிகளில் 5 மில்லிமீட்டர், பிந்தியவற்றில் 2. ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள் சார், சத்தியமாக. 1923இல் லண்டனில் ஹோகார்த் பிரஸ் போட்ட பதிப்புக்கு எழுத்துக் கோத்தது வர்ஜீனியா வுல்ஃப், தன் கையாலேயே. சுமார் 460 பிரதிகள். ஆனாலும் வரிசையில் அது இரண்டாவதுதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹவுல்’. சான்ஃபிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் 1956இல் வெளியிட்டது. சட்டைப் பைக்குள் அடங்கும் புத்தகம். ஆனால் அச்சடித்தது லண்டனில் வில்லியர்ஸ் அச்சகம். முதல் அச்சின் சமர்ப்பணத்தில் லூசியன் கார் என்ற நண்பரின் பெயர் இருக்கும். தன் பெயர் வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் அடுத்த அச்சிலிருந்து நீக்கினார்கள். இரண்டாம் அச்சு கப்பலில் போய் இறங்கியபோது, 1957 மார்ச் 25 அன்று, அமெரிக்கச் சுங்கத்துறை ஆபாசம் என்று 520 பிரதிகளைப் பிடித்துவைத்தது. பிறகு போலீஸ், வழக்கு, அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைத் தீர்ப்பு. ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால், கையிலிருக்கும் பிரதி அந்தக் களேபரத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துவிடும்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருடம் ஹாரோவில் ஒரு வீட்டுக்குப் போகும் வரை.

என்னோடு வேலை செய்கிற நண்பர், லண்டனில் பிறந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவருடைய அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டை விற்கப் போகிறார்கள். “அப்பாவின் தமிழ்ப் புத்தகங்கள் கொஞ்சம் இருக்கு, நீங்கள் வந்து பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். போனேன். வரவேற்பறையில் இரண்டு பெட்டி. நண்பரின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதைவிடக் கனக்கக் கிடந்தது. ஆருக்குக் குடுக்கிறது எண்டு தெரியேல்லை. பாதி போன புதன் லொறியோட போட்டுது.”

ரீசைக்கிளிங் லாரி.

மிச்சம் இருந்ததில் மேலாக ஒன்று ‘சொல்லாத சேதிகள்’. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட பெண் கவிஞர்களின் தொகுப்பு. மெல்லிசான புத்தகம், ஓரம் மடங்கியிருந்தது. அது எங்கே அச்சானது, எப்போது அச்சானது என்று யோசித்துப் பாருங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். அதற்கு ஐந்து வருடம் கழித்து, யுத்தத்துக்கு நடுவே, அதே ஊரில் காகிதம் தேடி அச்சடித்த கவிதை. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பும் அப்படித்தான். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது யார் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? அதற்கு முன்பே வெளிநாடு வந்தவர்களின் சூட்கேஸில் ஏறிய பிரதிகள்தான் பல வேளைகளில் மிச்சம். லார்க்கினின் புத்தகம் எதுவும் நாளைக்குத் தொலைந்தாலும் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்று இருக்கும். சட்டப்படி ஒரு பிரதி அங்கே போயே ஆக வேண்டும். ஹாரோவில் லாரியில் போன பெட்டியில் இருந்தவற்றுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

அன்று அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஆங்கிலப் புத்தகத்துக்குக் கற்ற வித்தை தமிழுக்கு அப்படியே செல்லாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நம் பழக்கத்தில் ஒவ்வொரு மறு அச்சையும் ‘பதிப்பு’ என்றே போடுவோம். ‘பன்னிரண்டாம் பதிப்பு’ என்றால் பன்னிரண்டு முறை திருத்தி எழுதினார் என்று அர்த்தமில்லை. இன்னொன்று இதைவிட மோசம். பதிப்பகம் மாறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 1962இல் வந்த தொகுப்பை 1999இல் வேறொருவர் போட்டு ‘முதல் பதிப்பு 1999’ என்று மட்டும் எழுதிவிடுவார். பழைய வரலாறு மொத்தமும் போச்சு. ‘எங்கள் முதல் பதிப்பு’ என்று தனியாகக் குறித்து, மூலப் பதிப்பின் ஆண்டையும் தருகிற நல்ல பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோடி நமஸ்காரம்.

ஆண்டு என்று போட்டிருந்தாலும் உஷார். திருவள்ளுவர் ஆண்டாக இருக்கலாம். அதில் 31ஐக் கழிக்க வேண்டும். நண்பரின் மகள், பதினான்கு வயது, ஒரு புத்தகத்தைக் காட்டி “இது புதுசு, 2016” என்றாள். 1985இல் வந்தது அது.

ஆனால் தமிழ்ப் புத்தகத்துக்கே உரிய தடயங்களும் இருக்கின்றன. இந்தியாவில் ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் அறிமுகமானது. அதற்கு முன்னால் சென்னை-5, சென்னை-14 என்று முகவரி முடிந்துவிடும். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ திருவல்லிக்கேணியிலிருந்து வந்தது. அந்தப் பிரசுரத்தின் ‘புதுக்குரல்கள்’ 1962 பதிப்பு என்று யாராவது நீட்டினால், முகவரியில் 600 005 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 1962இல் அச்சானதாக இருக்கவே முடியாது. இல்லாவிட்டால்? ஒன்றும் நிரூபணமாகாது. பின்கோடு வந்த பிறகும் பழைய பழக்கத்தில் சென்னை-5 என்றே பலர் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடயம் ஒரு திசையில்தான் வேலை செய்யும் என்பதை மறந்தால் என் 140 பவுண்டு கதைதான். தலைப்புப் பக்கத்தின் பின்னால் ஆங்கிலத்தில் விவரம் இருந்தால் இன்னும் வசதி. சென்னையின் ஆங்கிலப் பெயர் 1996இல் மாறியது, இலங்கை ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்ற பெயரை 1972 மே மாதம் உதறியது.

அடுத்தது எழுத்து வடிவம். என் வயதுக்காரர்களுக்கே இது மறந்திருக்கும். லை, னை, ணை, ளை என்ற எழுத்துகளுக்கு முன்பு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு உண்டு. னா, றா, ணா மூன்றும் சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக நிற்கும். தமிழக அரசு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபிறகு இவை மெல்ல மறைந்தன. பெரியார் இயக்கத்து வெளியீடுகள் 1930களிலேயே மாறிவிட்டன, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய ஈய எழுத்துகளைக் கைவசம் வைத்திருந்த அச்சகங்களும் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆனாலும் 1965 என்று சொல்லும் சாதாரணக் கவிதைப் புத்தகம் முழுக்கப் புது எழுத்தில் இருந்தால் பிற்பாடு மறுபடி கோத்தது என்று சந்தேகப்படலாம்.

பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தால் தும்பிக்கையும் கூடவே வந்துவிடுமே என்று கேட்டால், நியாயமான கேள்வி. அதற்கு விரல்தான் கருவி. ஈய எழுத்து காகிதத்தை அழுத்தும். தாளின் பின்பக்கத்தில் விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் மேடு தட்டும். ஆஃப்செட் வழவழவென்று இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும்.

பெட்டியின் அடியில் அட்டையும் முதல் நான்கு பக்கங்களும் இல்லாத ஒரு தொகுப்பு கிடந்தது. பின்னட்டையில் விலை ரூபா கணக்கில். ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்துக் காகிதத்தில் இறங்கியிருந்தன. தும்பிக்கை இருந்தது, விரலுக்கு மேடு தட்டியது. கடைசிப் பக்கத்தில் நீல மையில் ஒரு பெயரும் 12.3.86 என்ற தேதியும். அதற்குப் பிறகு அச்சானதாக இருக்க முடியாது என்பது மட்டும் அந்தக் கையெழுத்தால் உறுதி. ஏலத்தில் இதற்கு ஐந்து பவுண்டுகூட வராது. எழுதியிருப்பவரின் பெயரை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது அவற்றை கையெழுத்தில்லை. இவர் கம்பஸில அவரோட படிச்சவர். பிறகு இல்லை.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவற்றைப் பெட்டியில் திரும்ப அடுக்கினோம். நண்பர் அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருக்கலாம், பரணில், கராஜில், படிக்கட்டுக்கு அடியில். தமிழ் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. அட்டையின் இரு பக்கம், தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், யாராவது கையெழுத்திட்டிருந்தால் அது. மொத்தம் ஆறு படம், போனிலேயே எடுத்துவிடலாம். படிக்கத் தெரிந்தவர் யாருக்காவது அனுப்புங்கள். 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் மின்வடிவில் இருக்கின்றன. உங்கள் கையிலுள்ளது அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டால் அச்சு வேறாக இருக்கலாம். இல்லாவிட்டால் அவர்களுக்கு எழுதுங்கள். நல்லது செய்கிறோம் என்று செல்லோடேப் மட்டும் ஒட்டிவிட வேண்டாம், அது காலப்போக்கில் மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். கையெழுத்தை அழிக்க வேண்டாம், துருப்பிடித்த பின்னைப் பிடுங்க வேண்டாம். கிழிந்த மேலுறை அசிங்கமாகத் தெரிந்தாலும் இருக்கட்டும்.

போன வாரம் நண்பர் அழைத்தார். வீடு விற்பது தள்ளிப்போயிருக்கிறதாம். கராஜில் பழைய சைக்கிளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெட்டி இருப்பதாக அம்மா சொன்னாராம், ஒன்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை போகிறேன்.